கொழுப்பு மாத்திரையா, கஷாயமா? மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தாலுகா ஊரின் கடைத்தெருவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளுநராக இருக்கிறேன். எங்கள் கடைக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அங்கு வாங்கிய மருதம்பட்டைத் தூளும் இங்கு வாங்கிய அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை அட்டையும் ஒரே மஞ்சள் பையில் வீட்டுக்குப் போவதை நாள்தோறும் பார்க்கிறேன். மருத்துவரிடம் கேட்கத் தயங்கியவற்றை மக்கள் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் உங்கள் மருத்துவர் செய்ய வேண்டியவை.

நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி கொழுப்பு வந்துச்சு?

தொப்பையில் சேரும் கொழுப்பும் இரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்டிராலும் வெவ்வேறு பொருள்கள். கொலஸ்டிரால் மெழுகு போன்றது. உயிரணுக்களின் சவ்வுக்கும், பித்தநீருக்கும், பல ஹார்மோன்களுக்கும் அது தேவை. அதில் பெரும்பகுதியை உடலே உற்பத்தி செய்துகொள்கிறது. அதை உருவாக்குவதிலும் இரத்தத்திலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதிலும் கல்லீரலுக்கே முதலிடம். கல்லீரல் எவ்வளவு விரைவாகத் திரும்ப எடுக்கிறது என்பது பெரிதும் பரம்பரையைப் பொறுத்தது என்பதால், ஒல்லியானவர்களுக்கும் அளவு உயர்ந்திருக்கலாம்.

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், சில சிறுநீரக நோய்களிலும் கொலஸ்டிரால் ஏறும். முதன்முறை அளவு உயர்ந்து வந்தால் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. தைராய்டைச் சரிசெய்ததும் கொழுப்பு தானாக இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டுல அஞ்சாறு நம்பர் இருக்கு, எதைப் பார்க்கணும்?

எல்.டி.எல். என்ற வரியைப் பாருங்கள். இரத்தக்குழாய்ச் சுவருக்குள் கொலஸ்டிராலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் துகள் அதுதான். மக்கள் ‘கெட்ட கொழுப்பு’ என்பதும் அதைத்தான். பல ஆய்வகங்களில் அதை நேரடியாக அளப்பதில்லை, கணக்கிட்டே தருகிறார்கள். மொத்தக் கொலஸ்டிரால் 228, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் ஹெச்.டி.எல். 42, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 180 என்றால், 180-ஐ 5-ஆல் வகுத்து வரும் 36-ஐயும் 42-ஐயும் 228-இலிருந்து கழிக்க வேண்டும். மிச்சம் 150, அதுவே எல்.டி.எல். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொருந்தாது.

எண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஆபத்து குறைந்தவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், ஆபத்து மிகுந்தவர்களுக்கு 70-க்குக் கீழும், மாரடைப்பு ஏற்கெனவே வந்தவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55-க்குக் கீழும் இருக்க வேண்டும் (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு). ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு 95 போதும் என்று மருத்துவர் விட்டுவிட்டு, ஸ்டென்ட் வைத்த உங்களுக்கு அதே 95-க்கு மாத்திரையைக் கூட்டினால், அதில் முரண்பாடு ஏதும் இல்லை.

டெஸ்டுக்கு வெறும் வயித்துலதான் போகணுமா?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. டிரைகிளிசரைடு முன்பே மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் பட்டினிப் பரிசோதனை கேட்கப்படும். சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் ஆய்வகங்களில் காலையிலேயே வரச் சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, அப்புறம் எதுக்கு மாத்திரை?

உயர்ந்த கொலஸ்டிரால் வலிக்காது, தலைசுற்ற வைக்காது. இருபது முப்பது ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் படிந்து, ஒருநாள் அந்தப் படிவம் வெடித்து இரத்தம் உறைந்தபின்தான் முதல் அறிகுறியே தெரியும். அந்த முதல் அறிகுறி மாரடைப்பாகவும் இருக்கலாம்.

மாத்திரையின் பலன் அன்றாட உடல்நிலையில் தெரியாது. பலரைப் பல ஆண்டுகள் கவனித்தால்தான் தெரியும். 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஐந்தாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் வெற்று மாத்திரைக் குழுவில் 256 பேரும் மருந்துக் குழுவில் 182 பேரும் இறந்தனர். கீழே நான் மூலிகைகளைப் பற்றிச் சொல்லும்போது இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கஷாயமும் சூரணமும் இத்தகைய சோதனைக்கு இதுவரை உட்படுத்தப்படவில்லை.

செக்கு எண்ணெய்க்கு மாறிட்டேன், முட்டையையும் விட்டுட்டேன். இன்னும் குறையலையே?

எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்டிரால் இல்லாதது’ என்று அச்சிடுவார்கள். செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் எந்த எண்ணெயிலும் கொலஸ்டிரால் பேருக்குக்கூட இருக்காது. அது விளம்பர வாசகம் மட்டுமே. எல்.டி.எல்.-ஐ ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதமும் பாமாயிலில் ஏறத்தாழ பாதியும் அதுதான். செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆகியவை இந்த வகையில் மேல். ஆனாலும் ‘நல்ல எண்ணெய்’ என்பதற்காகத் தாராளமாக ஊற்றினால் பயனில்லை.

முட்டை பயந்த அளவுக்குக் குற்றவாளி அல்ல. உணவிலுள்ள கொலஸ்டிரால் இரத்தத்தின் அளவைச் சிறிதளவே மாற்றுகிறது. காலையில் ஒரு முட்டையை விட்டுவிட்டு, மாலையில் காய்ந்த எண்ணெயில் பொரித்த வடை இரண்டும் பேக்கரியில் பஃப்ஸ் ஒன்றும் சாப்பிடுபவர் கணக்கை மாற்றிப் போட்டிருக்கிறார். உணவு மாற்றம் மட்டும் பெரும்பாலோருக்கு எல்.டி.எல்.-ஐ ஓரளவுக்கே குறைக்கும். 120 இருப்பவருக்கு அது போதலாம், 190 இருப்பவருக்குப் போதாது.

மாத்திரை முழுக்க கெமிக்கல். மூலிகைன்னா இயற்கைதானே?

இதைக் கேட்பவர்களுக்கு நான் ஒரு பூஞ்சையின் கதையைச் சொல்வதுண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகிரா எண்டோ என்ற உயிர்வேதியியலாளர், ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை வளர்த்து, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள் எதிலாவது இருக்கிறதா என்று தேடினார். அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றில் அது கிடைத்தது. ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்பு மருந்து வகையில் அதுவே முதலாவது. பின்னர் வேறொரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்ட லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நாம் இன்று விழுங்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் ஆலையில் உருவாக்கப்படுபவை என்றாலும் அந்தப் பூஞ்சைப் பொருளைப் பார்த்து வடிவமைக்கப்பட்டவை.

வேலை செய்யும் விதமும் எளியது. கல்லீரலில் கொலஸ்டிரால் உருவாகும் பாதையில் ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. கையிருப்பு குறைந்த கல்லீரல், இரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல்.-ஐப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளை அதிகமாக வெளியே நீட்டுகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. எட்டிக்கொட்டையும் அரளி விதையும்கூட இயற்கைதான் என்பது கிராமத்தில் பிறந்த யாருக்கும் தெரியும். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, உள்ளே எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, எல்.டி.எல்.-ஐ எவ்வளவு குறைத்தது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

தினமும் வெறும் வயித்துல பூண்டு சாப்பிட்டா குறையுமா?

பழைய சிறு ஆய்வுகள் சில, பூண்டு சற்றுக் குறைக்கும் என்று காட்டின. 2007-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், எல்.டி.எல். மிதமாக உயர்ந்த 192 பேருக்கு ஆறு மாதம் பச்சைப் பூண்டையும் இருவகைப் பூண்டு மாத்திரைகளையும் வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

2022-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு இன்னும் நேரடியானது. ஏறத்தாழ 200 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாட்டினின் மிகக் குறைந்த அளவான 5 மில்லிகிராமும், மற்றவர்களுக்குப் பூண்டு, மஞ்சள், இலவங்கப்பட்டை, மீன் எண்ணெய், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றின் மாத்திரைகளில் ஒன்றும், கடைசிக் குழுவுக்கு வெற்று மாத்திரையும் 28 நாள் தரப்பட்டன. ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.-ஐ 38 சதவீத அளவுக்குக் குறைத்தது. மற்ற ஆறும் வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக எதையும் குறைக்கவில்லை. 28 நாள் குறைந்த காலம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டாட்டினுக்கும் அதே 28 நாள்தான் தரப்பட்டது. குழம்பில் பூண்டு தாராளமாகப் போடுங்கள், ருசிக்காக.

எலுமிச்சை, இஞ்சி, பூண்டு, வினிகர், தேன் கலந்து குடிச்சா இதய அடைப்பே கரையும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

இந்தச் செய்முறை எனக்கு மனப்பாடம். எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் தலா ஒரு கோப்பை. நாலு கோப்பை மூன்றாகச் சுண்டும்வரை காய்ச்சு. ஆறியதும் சம அளவு தேன் சேர். காலையில் ஒரு கரண்டி. இதய அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்த ஒருவர் இதைக் குடித்துக் குணமானார் என்ற கதையும் கூடவே வரும். அந்த நோயாளியின் ஊரும் மருத்துவமனையும் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கும்.

இரத்தக்குழாயில் உள்ள படிவம் குழாயின் உட்சுவருக்குள்ளே, தோலுக்கடியில் கட்டி இருப்பதைப் போல இருக்கிறது. அடுப்படிச் சிம்னியில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அல்ல, புளிப்பு ஊற்றிக் கரைக்க. குடிப்பது இரைப்பைக்குப் போகிறது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது கூடும், சர்க்கரை நோயாளிக்குத் தேன் கணக்கில் சேரும். மருத்துவர் குறித்த சிகிச்சையைத் தள்ளிப்போட இது காரணமாக அமைவதே பெரிய தீங்கு. இதய நோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டத்தின்படி குற்றம்.

அப்போ எதுவுமே வேலை செய்யாதா? வெந்தயம், கொள்ளு, இசப்கோல்?

இங்கேதான் நல்ல செய்தி இருக்கிறது. நீரில் கரையும் நார்ச்சத்து உண்மையாகவே எல்.டி.எல்.-ஐக் குறைக்கிறது. குடலில் அது கூழாகிப் பித்த உப்பைப் பிடித்து வெளியேற்றுகிறது. இழந்த பித்தத்தைத் திரும்பச் செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுக்கிறது. இதில் சான்று வலுவாக உள்ளது இசப்கோலுக்கு: நாளொன்றுக்கு 10 கிராம் அளவில் எல்.டி.எல். சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை குறையும். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நாரும் நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் ஏறத்தாழ 5 சதவீதம் குறைக்கும்.

இரவில் ஊறவைத்த வெந்தயம் கையில் வழவழவென்று நூலாக இழுபடுகிறதே, அந்த வழவழப்பும் இதே வகை நார்தான். வெந்தயத்தை வைத்துச் செய்த ஆய்வுகள் சிறியவை. பலன் உண்டு என்றே பலவும் சொல்கின்றன, அளவுதான் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சர்க்கரையையும் அது குறைக்கும் என்பதால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாழ்சர்க்கரைக்குக் கவனமாக இருக்க வேண்டும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது உண்மைதான்: வறுத்த கறியின் இடத்தில் கொள்ளு ரசமும் கொள்ளுத் துவையலும் வந்தால் நல்லது. வறுத்த கறி அப்படியே இருக்க, கொள்ளு கூடுதலாக வந்தால் மாற்றம் தெரியாது.

ஒரு எச்சரிக்கை: இசப்கோலையும் வெந்தயத்தையும் போதிய தண்ணீருடன், மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விட்டு எடுங்கள். தைராய்டு மாத்திரையை விழுங்கியதும் இசப்கோலைக் குடித்தால், மாத்திரையின் ஒரு பகுதி அந்தக் கூழிலேயே தங்கிவிடும்.

குக்குலு நம்ம நாட்டு மருந்து, கவர்மென்டே அனுமதிச்சதுன்னு சொல்றாங்களே?

சொல்வது சரி. குக்குலு என்பது ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு முட்செடியின் பிசின். சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு நோய் பற்றிய பகுதியைப் படித்து, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 1960-களில் முயல்களில் ஆய்வு நடந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதன் சாரத்தை மருந்தாக்கியது. 1980-களில் அரசு அனுமதியும் கிடைத்தது. பழைய நூல் ஒன்றிலிருந்து ஒரு மருந்தை இவ்வளவு முறையாகத் தேடிய முயற்சி நம் நாட்டில் அரிது, அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம் எட்டு வாரம் நடந்த ஒப்பீட்டில், குக்குலு சாப்பிட்டவர்களின் எல்.டி.எல். குறையாமல் சிறிது ஏறியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சற்றுக் குறைந்தது. சிலருக்கு உடலெங்கும் தடிப்பும் வந்தது. இந்திய ஆய்வுகளுக்கும் இதற்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்பதற்கு உணவுப் பழக்கம், ஆய்வு முறை என்று பல காரணம் சொல்லப்பட்டது, முடிவு தெளியவில்லை. இன்றைய நிலையில் ஸ்டாட்டினின் இடத்தில் வைக்கும் தகுதி அதற்கு இல்லை. அந்தச் செடியும் காடுகளில் அருகிவருகிறது.

மருதம்பட்டையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். இதயத்துக்கு உகந்ததாக நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. நடந்த ஆய்வுகள் சிறியவை, மாரடைப்பைத் தடுத்ததாகக் காட்டியவை எதுவும் இல்லை. நெல்லிக்காய்க்கும் இதே பதில்தான். அதுவாவது நல்ல உணவு.

ஆன்லைன்ல ரெட் ஈஸ்ட் ரைஸ் மாத்திரை விக்குது. சிவப்பரிசிதானே, சாப்பிடலாமா?

இது மாப்பிள்ளைச் சம்பா அல்ல. அரிசியில் ஒருவகைச் சிவப்புப் பூஞ்சையை வளர்த்து உண்டாக்கும் சீனப் பொருள். மேலே பூஞ்சைக் கதையில் வந்த லோவாஸ்டாட்டின் நினைவிருக்கிறதா? இதில் கொழுப்பைக் குறைக்கும் பொருளும் அதே மூலக்கூறுதான், பெயர் மட்டும் மோனகோலின் கே. அதாவது ‘மூலிகை’ என்று எழுதிய டப்பாவில் அளவு குறிக்கப்படாத ஸ்டாட்டின். ஒரு நிறுவனத்தின் மாத்திரையில் நிறைய இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது; பூண்டு பற்றிய பதிலில் சொன்ன 28 நாள் ஆய்வில் இது தோற்றதற்கு அதுவும் காரணமாகலாம். சிறுநீரகத்துக்குக் கேடான சிட்ரினின் என்ற பூஞ்சை நச்சும் சிலவற்றில் கலந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் இந்த அரிசியிலிருந்து வரும் மோனகோலினுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவு என்று எல்லை விதித்தது. ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் இதையும் சேர்த்தால் அது இரட்டை மருந்து. தசைப் பாதிப்புக்கு வழி.

மாத்திரையும் போடுறேன், சூரணமும் சாப்பிடுறேன். ரெண்டும் சேர்ந்தா பலன் கூடும்தானே?

சில நேரம் குறையும், சில நேரம் ஆபத்தாகும். டில்டியாசெம், புரோப்ரனலால் போன்ற இரத்த அழுத்த மருந்துகளின் அளவைக் குக்குலு இரத்தத்தில் குறைப்பதாகப் பதிவாகியிருக்கிறது. பூண்டு மாத்திரையும் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் (சமையல் அளவைச் சொல்லவில்லை). அதிமதுரம் பல சூரணங்களில் இருக்கும். தொடர்ந்து அதிகம் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

ஆங்கில மருந்துகளுக்குள்ளேயே மோதல் உண்டு. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகள் ஆகியவை சிம்வாஸ்டாட்டினையும் அட்டோர்வாஸ்டாட்டினையும் உடலில் தேங்க வைக்கும். கிரேப்ஃப்ரூட் பழமும் அப்படியே. அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸையும் இந்த இரண்டு மாத்திரைகளை எடுப்பவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். காய்ச்சலுக்கு வேறு மருத்துவரிடம் போகும்போது ‘கொழுப்பு மாத்திரை போடுகிறேன்’ என்று சொல்லுங்கள். மருந்துச் சீட்டைப் பார்த்து நான் கேட்கும்போதுதான் பலருக்கு அது நினைவுக்கே வருகிறது.

சித்த வைத்தியர்கிட்ட போகலாமா, கூடாதா?

தாராளமாகப் போகலாம், பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரிடம். தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் அதே வளாகத்திலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. இரண்டு சீட்டையும் இரண்டு மருத்துவர்களிடமும் காட்டுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். நான் அறிந்த ஒரு சித்த மருத்துவர், ஸ்டென்ட் வைத்தவர் வந்தால் முதலில் ‘மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?’ என்று கேட்டு, ஆம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்.

பயப்பட வேண்டியது, உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் தயாரிப்புத் தேதியும் இல்லாத பொட்டலத்துக்குத்தான். இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

ஸ்டாட்டின் போட்டதுல இருந்து கை காலெல்லாம் வலிக்குது

வலி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் காரணம் எப்போதும் மாத்திரை அல்ல. பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு குப்பிகள்: நான்கில் ஸ்டாட்டின், நான்கில் வெற்று மாத்திரை, நான்கு காலி. மாத்திரை விழுங்கும் மாதங்களில் எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. தொந்தரவுக்கு 100-க்கு அவர்களே போட்ட மதிப்பெண், காலி மாதங்களில் 8, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4. தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்திலேயே வந்திருக்கிறது. முடிவைக் காட்டியபின் பாதிப் பேர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

உண்மையான தசைப் பாதிப்பும் உண்டு, அரிதாக. இருபுறத் தொடையிலும் தோளிலும் கடும் வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம், டிகாக்ஷன் நிறத்தில் சிறுநீர் என்றால் மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள். மிதமான வலிக்கு அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன.

லிவர் கெட்டுடும், சுகர் வந்துடும்னு சொல்றாங்களே?

கல்லீரல் நொதிகள் சிலருக்குச் சற்று ஏறும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். மிகுதியாக ஏறினால் மட்டுமே நிறுத்த வேண்டியிருக்கும். ஃபேட்டி லிவர் இருப்பது ஸ்டாட்டினுக்குத் தடை இல்லை.

சர்க்கரை பற்றிய பேச்சில் உண்மை இருக்கிறது. 255 பேர் நான்கு ஆண்டு ஸ்டாட்டின் எடுத்தால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் தெரியவரும் என்பது பெரிய ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு. ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களே அதில் பெரும்பான்மை. அதே 255 பேரில் தடுக்கப்படும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதைவிடப் பல மடங்கு.

மாத்திரையை ராத்திரிதான் போடணுமா?

சிம்வாஸ்டாட்டின் என்றால் இரவில். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரமும் எடுக்கலாம். நாள்தோறும் மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

இப்போ நார்மல் ஆயிடுச்சே, நிறுத்திடலாமா?

ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். மூன்று ரிப்போர்ட்டுகளைக் கல்லாப்பெட்டி மேல் வரிசையாக விரித்து, ‘தம்பி, லேப் தப்பா?’ என்று கேட்டார். முதலாவதில் எல்.டி.எல். 168. மாத்திரை தொடங்கி மூன்று மாதம் கழித்து 92. மூன்றாவதில் 171. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே என்ன செய்தீர்கள் என்றேன். நார்மல் ஆகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, மேலே சொன்ன ஐந்து சாறுக் கலவைக்கு மாறியிருக்கிறார். ஆய்வகம் மூன்று முறையும் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

92 என்பது மாத்திரையோடு கூடிய எண். நிறுத்திய சில வாரங்களில் கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். எடை நன்றாகக் குறைந்தவர், தைராய்டு சரியானவர் போன்றோருக்கு மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஸ்டென்ட், பைபாஸ், மாரடைப்பு கண்டவர்கள் ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது.

10 பவரை 20 ஆக்கினா ரெண்டு மடங்கு குறையுமா?

குறையாது. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எல்.டி.எல்.-ஐ ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும். அளவை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதம்தான். ஆகவேதான் மருத்துவர்கள் ஒரு கட்டத்துக்குமேல் அளவைக் கூட்டாமல் எசெடிமைப் மாத்திரையைச் சேர்க்கிறார்கள். குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதை அது தடுத்து, மேலும் 20 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது. ‘ஒரு மாத்திரை ரெண்டாயிடுச்சு, நோய் முத்திப்போச்சோ’ என்று பலர் கலங்குகிறார்கள். காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

ஸ்டாட்டின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இன்க்லிசிரான் ஊசியும் இந்தியாவில் கிடைக்கிறது, விலை அதிகம். சாதாரண ஸ்டாட்டின் பொதுப்பெயரில் மக்கள் மருந்தகங்களில் மிக மலிவாகக் கிடைக்கிறது.

பொண்ணு கர்ப்பமா இருக்கா, இந்த மாத்திரை போடலாமா?

பொதுவாக நிறுத்தச் சொல்வார்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மாற்றாக மூலிகை மருந்துகளையும் சொந்தமாகத் தொடங்க வேண்டாம். குக்குலு கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டியது.

பையனுக்கு இருபத்தி நாலு வயசுதான். எல்.டி.எல். 214ன்னு வருது. கொஞ்ச நாள் கஷாயம் குடுத்துப் பார்க்கட்டுமா?

வேண்டாம். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால், அதுவும் இளம் வயதில் என்றால், பரம்பரைக் கொலஸ்டிரால் மிகை நோயா என்று பார்க்க வேண்டும். பூஞ்சைக் கதையோடு சொன்ன, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐத் திரும்ப எடுக்கும் ஏற்பி, பிறவியிலேயே பழுதான நிலை இது. சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நரம்பு போன்ற தசைநாணை விரல்களால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல வழவழப்பாக இல்லாமல் முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் அது ஒரு அடையாளம். இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது.

இத்தகையவரின் இரத்தக்குழாய்கள் பிறந்த நாளிலிருந்தே அதிக எல்.டி.எல்.-இல் ஊறியவை, உணவும் நாரும் தரும் 10 சதவீதம் 214-ஐ ஏறத்தாழ 193-க்குக் கொண்டுவரும், அவ்வளவே. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்த குடும்பங்களில் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. அப்போது பத்துப் பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரலாம். ஆகவே இதயநோய் மருத்துவரிடம் பையனை அழைத்துச் செல்லும்போது, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோருடைய எல்.டி.எல். பரிசோதனையையும் கையோடு செய்து எடுத்துப் போங்கள். தாத்தாவோ மாமாவோ ஐம்பது வயதுக்குள் நெஞ்சுவலியில் இறந்திருந்தால், அவர் எந்த வயதில் இறந்தார் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.